ஆர்லோ ஸ்டிக்னியின் கொட்டகைச் சுவர்

ஆர்லோ ஸ்டிக்னிக்குக் கடவுள் ஒரு வாயைக் கொடுத்தார். அது போதாதென்று அவன் அப்பா ஒரு கொட்டகையையும் விட்டுவிட்டுப் போனார். எங்கள் ஊருக்குள் வருகிற சாலை அந்தக் கொட்டகைக்கு நேரே வந்துதான் வளைகிறது. அதன் சிவப்புச் சுவரில் வெள்ளைச் சாயத்தால் ஆள் உயர எழுத்தில் அவன் எதை எழுதிவைத்தாலும் அதைப் படிக்காமல் யாரும் ஊருக்குள் நுழைய முடியாது. கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டினால் முடியும். அப்புறம் ஓடையில் கிடக்க வேண்டியதுதான்.

பல வருஷமாக இதுதான் அவன் பொழுதுபோக்கு. 'பனி அழகு என்பவன் பனி அள்ளாதவன்' என்று எழுதினான். அது பலருக்கு உள்ளூரப் பிடித்திருந்தது. 'தேவாலயப் பாட்டுக்குழுவில் பாதிப் பேர் வாயை மட்டும் அசைக்கிறார்கள்' என்று எழுதினான். அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குழு கத்திய கத்தலில் பாதிரியார் பைபிளைக் கீழே போட்டுவிட்டார். 'வெளியூர்க்காரர்களே, திரும்பிப் போங்கள்' என்று எழுதினான். 'இந்த ஊர் நாய்களுக்கு ஓட்டு கொடுத்தால் ஊர் உருப்படும்' என்று எழுதினான். பத்தில் ஒன்பது குப்பை. ஊர் முனகும், திட்டும், அடுத்து என்ன எழுதுவான் என்று காத்திருக்கும்.

போன பிப்ரவரியில் அவன் எழுதியது இது: 'லோர்னா பீஸ்லியின் பாகில் கருகின செருப்பு வாசம்.'

லோர்னா பீஸ்லி நான்தான்.

எங்கள் வெர்மான்ட் மாநிலத்தில் ஒருவனின் மதத்தைக் கிண்டல் செய்யலாம், அவன் பெண்டாட்டியின் சமையலைக்கூடச் செய்யலாம். மேப்பிள் பாகைத் தொடக்கூடாது. அதிலும் என் பாகு வெறும் பாகு இல்லை. என் புருஷன் வெண்டல் நாற்பது வருஷம் எங்கள் பாகுக் கொட்டகையில் நின்று மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சினார். மூன்று வருஷத்துக்கு முன் அவர் போய்ச் சேர்ந்தபோது, அடுப்பை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. நானே காய்ச்ச ஆரம்பித்தேன். ஒரே ஒரு சங்கடம். எனக்குச் சர்க்கரை வியாதி. ருசி பார்ப்பது எப்போதும் வெண்டலின் வேலை. நான் நிறத்தைப் பார்த்து, சூட்டைப் பார்த்து, ஒரு குருட்டுத் தைரியத்தில் இறக்கிவிடுவேன். விறகுப் புகைக்குள் நிற்கிறவளுக்கு எது புகை, எது கருகல் என்று மூக்கு சொல்லாது. ஆனால் ஊரே வாங்கிக்கொண்டு போனது. "வெண்டல் இருந்தப்போ மாதிரியே இருக்கு, லோர்னா" என்று நூலகத்து டெல்ஃபின் ஒவ்வொரு வருஷமும் சொல்வாள். கேட்கும்போது எனக்குக் கண் கலங்கிவிடும்.

சுவரைப் பார்த்த அன்றைக்கு அழுதேன். பிறகு பனி அள்ளுகிற மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற ஆர்லோ வீட்டை நோக்கி நடந்தேன். பாதி வழியில், ஊர்க்கூட்டத்துக்குத் தலைவியாக இருக்கிறவள் மண்வெட்டியோடு போய் நின்றால் நன்றாக இருக்காது என்று தோன்றியது. திரும்பிவிட்டேன். அதுவும் இருட்டில் இல்லை, பட்டப்பகலில். எல்லாரும் பார்த்தார்கள்.

மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர்க்கூட்டம். பள்ளிக்கூடத்துப் பெரிய கூடத்தில் மடக்கு நாற்காலி போட்டு, ஊரே உட்கார்ந்து, சாலைக்கு எவ்வளவு சரளை, தீயணைப்பு வண்டிக்கு எத்தனை டயர் என்று கை தூக்கி முடிவு செய்வோம். யாரும் யாரோடும் நேராகப் பேசக் கூடாது என்பது சட்டம். எதைச் சொன்னாலும் தலைவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்தச் சட்டம் இல்லாவிட்டால் ஊரில் பாதிக் குடும்பம் இன்றைக்கு உயிரோடு இருக்காது. தலைவர் மரச்சுத்தியோடு மேடையில் உட்கார்ந்து, எல்லார் வசவையும் வாங்கிக்கொண்டு, எந்தப் பக்கமும் சாயாமல் இருக்க வேண்டும். ஓட்டு சமமாக வந்தால் மட்டும் தலைவருக்கு ஓட்டு.

பதினான்காவது தீர்மானத்தை டெல்ஃபின் கொண்டுவந்தாள். 'சாலையிலிருந்து தெரியும்படி, பிறர் மனம் புண்படும் கருத்து எதையும் யாரும் எழுதிவைக்கக் கூடாது.' யாரை மனதில் வைத்து என்று கேட்கத் தேவையில்லை. விஷயம் என்னைப் பற்றியது, நான் மேடையை விட்டு இறங்கியிருக்க வேண்டும்தான். சுத்தியை விட மனம் வரவில்லை. தவிர, யார் யார் என்ன பேசுகிறார்கள் என்று பார்க்கவும் ஆசை.

"தலைவரம்மா," என்று டெல்ஃபின் எழுந்தாள். "அந்தச் சுவரைப் பாத்ததுலேர்ந்து எனக்குச் சோறு தண்ணி இறங்கல. பாவம் லோர்னா. புருஷனைப் பறிகொடுத்தவ. அவ மனசு என்ன பாடுபட்டிருக்கும்னு நீங்க கொஞ்சம் நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தேன்.

"நெனச்சாச்சு. மேல சொல்லுங்க," என்றேன்.

"அவ்வளவுதான். லோர்னாகிட்ட நான் கேட்டதாச் சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்."

சாலைகளைப் பார்த்துக்கொள்கிற பர்ல் எழுந்தார். தீயணைப்புப் படையிலும் இருப்பவர். நாற்காலியும் அவரோடு சேர்ந்து கொஞ்சம் எழுந்தது. "தலைவரம்மா, நான் தீர்மானத்துக்கு ஆதரவுதான். ஆனா புண்படறதுன்னா எவ்வளவு புண்படணும்? எங்கம்மா வானிலை அறிக்கைக்கே புண்படுவாங்க."

அங்கேதான் பிடித்தது சனி. பாட்டுக்குழுவிலிருந்து ஒரு அம்மா, பாட்டுக்குழுவைப் பற்றி எழுதுவதைத் தனியாகப் பேர் சொல்லித் தடுக்க வேண்டும் என்றாள். பின்வரிசையில் ஒருவர், தேவாலயப் பலகையில் 'பாவிகளே வாருங்கள்' என்று இருப்பதையும் சேர்க்கச் சொன்னார். "என் பேரைப் போடலதான் தலைவரம்மா. ஆனா என்னத்தான் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும்." இன்னொருவர் எங்கள் ஊருக்கே ஜென்ம விரோதியான நியூயார்க் பேஸ்பால் அணியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு சாலையில் நடப்பது எழுதிவைத்ததாக ஆகுமா என்று கேட்டார். கூடம் முழுக்க ஒரு நிமிஷம் யோசித்தது. அதைத் தடைசெய்ய எல்லாருக்குமே ஆசை இருந்தது.

சமையலறையிலிருந்து வேகவைத்த பீன்ஸ் வாசனை வர ஆரம்பித்துவிட்டது. கூட்டத்துக்குப் பொறுமை குறைவதை வயிறுகளின் சத்தத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

அப்போது கெஸ்லர் கை தூக்கினார். தெற்கே கனெக்டிகட் மாநிலத்திலிருந்து வந்து இங்கே வீடு வாங்கிய மனுஷன். வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. அதனால் ஊரில் அவரைப் புதுசாக வந்தவர் என்று சொல்வோம்.

"தலைவரம்மா, 'வெளியூர்க்காரர்களே, திரும்பிப் போங்கள்'னு அந்தச் சுவர்ல ஒரு குளிர்காலம் முழுக்க இருந்துச்சு. என் பொண்ணு ஸ்கூல் பஸ்ல தினம் அதப் படிச்சுட்டுதான் போனா. அப்போ யாரும் தீர்மானம் கொண்டுவரலியே."

பர்ல் நெளிந்தார். "தலைவரம்மா, அது புண்படுத்தற கருத்து இல்லன்னு கெஸ்லருக்கு எடுத்துச் சொல்லுங்க. அது பழமொழி."

"அது பழமொழியாம்," என்று நான் கெஸ்லரிடம் சொன்னேன். சட்டம் அப்படி.

"கேட்டுச்சு," என்றார் கெஸ்லர். "நான் அப்போ புண்பட்டது நிஜம். என் தபால் பெட்டியில 'வந்தாச்சு, இனி போறதா இல்ல'ன்னு எழுதி வச்சேன். ஆர்லோ வண்டிய நிறுத்திப் படிச்சாரு. எழுத்து கோணலா இருக்குன்னு அவர் பிரஷ்ஷ குடுத்துட்டுப் போனாரு. இன்னும் எங்கிட்டதான் இருக்கு. நான் சொல்றது இதுதான். தடைன்னா எல்லாப் புண்ணுக்கும் தடை போடுங்க. லோர்னாவுக்கு வலிச்சா சட்டம், எங்களுக்கு வலிச்சா பழமொழின்னா அது என்ன நியாயம்?"

எனக்கு அந்த மனுஷன் மேல் பொல்லாத கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதுதான் காரணம். அந்தக் குளிர்காலத்தில் அந்தச் சுவரைத் தினம் கடந்து போனவள்தான் நானும். சிரித்துக்கொண்டே போயிருக்கிறேன்.

டெல்ஃபின் விடவில்லை. "சரி தலைவரம்மா, ஒரு திருத்தம். புண்படுத்தற கருத்து பொய்யா இருந்தா மட்டும் தடை. உண்மைன்னா எழுதிக்கட்டும்."

கூடம் பெருமூச்சு விட்டது. கோடு கிடைத்துவிட்டது, சாப்பிடப் போகலாம். நாலைந்து பேர் எழுந்து ஸ்வெட்டரைக்கூடச் சரிசெய்துகொண்டார்கள். அப்போதுதான் கடைசி வரிசையில் ஆர்லோ எழுந்தான். தொப்பியை நெஞ்சோடு பிடித்திருந்தான். எழவு வீட்டிலும் ஊர்க்கூட்டத்திலும் மட்டும் அவன் தொப்பியைக் கழற்றுவான்.

"தலைவரம்மா, பொய்யா உண்மையான்னு எப்படித் தெரியும்? டோனட்டுக்குத் தொட்டுக்க லோர்னா பாகு ஜாடி சமையல்கட்டுல இருக்கு. யாராவது ஒரு கரண்டி சாப்பிட்டுக் காட்டட்டும். நல்லா இருக்குன்னா நானே போய் சுவர வெள்ளையடிக்கறேன்."

கூடத்தில் விழுந்த அமைதியைக் கவனித்தேன். வெர்மான்டில் பாகு சும்மா கொடுக்கிறார்கள் என்றால் யாரும் அமைதியாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

ஜாடி வந்தது, கூடவே இனிப்பு திகட்டினால் கடித்துக்கொள்ள வெள்ளரி ஊறுகாய்த் தட்டும். பர்ல் முன்னால் வந்தார். எரிகிற வீட்டுக்குள் போய் ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர். அன்றைக்குத்தான் அவர் தயங்கிப் பார்த்தேன். ஒரு கரண்டியை வாயில் விட்டார். விழுங்கினார். கண் ஓரத்தில் நீர் கட்டியது.

"அருமை," என்றார். குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது. தட்டிலிருந்து ஒரு ஊறுகாயை எடுத்து முழுசாக வாயில் போட்டார். பிறகு இன்னொன்று.

அவ்வளவுதான், ஊருக்கு வீரம் வந்துவிட்டது. கரண்டியும் கையுமாக வரிசை கட்டிவிட்டார்கள். ஒவ்வொருவராக வருவதும், விழுங்குவதும், "பிரமாதம்" என்பதும், ஊறுகாய்த் தட்டைத் தேடி ஓடுவதுமாக இருந்தது. பாட்டுக்குழு அம்மா கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். கடைசியில் டெல்ஃபின் வந்தாள். ஒரு கரண்டி எடுத்தாள், விழுங்கினாள்.

"வெண்டல் இருந்தப்போ மாதிரியே இருக்கு," என்றாள்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

நான் எழுந்தேன். தலைவர் மேடையை விட்டு இறங்கினால் சுத்தியை யாரிடமாவது கொடுக்க வேண்டும். கிட்ட நின்றவர் கெஸ்லர். அவர் கையில் திணித்தேன். வெளியூர்க்காரர் கைக்கு அந்தச் சுத்தி போனது அதுதான் முதல் தடவை. அதற்குத் தனியாக ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"லோர்னா, வேணாம். ஒனக்குச் சர்க்கரை," என்று டெல்ஃபின் ஜாடியை மறைத்தாள்.

"ஒரு கரண்டியில செத்துட மாட்டேன். தள்ளு."

சாப்பிட்ட பிறகு அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆர்லோ எழுதியது தப்பு. செருப்பு மட்டும் இல்லை, செருப்போடு காலும் சேர்ந்து கருகியிருந்தது. அடிப்பிடித்த பாலின் நாற்றத்தை மூன்று வருஷம் ஊறப்போட்டு ஜாடியில் அடைத்து, மேலே வெண்டலின் பெயரை ஒட்டி விற்றிருக்கிறேன்.

நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால், அந்தப் பாகுக்குள் வெண்டல் இருக்கிறார் என்று. ஒவ்வொரு மார்ச்சிலும் அடுப்பைப் பற்றவைக்கிறபோது அவர் திரும்பி வந்துவிட்டதாக. அவர் அதில் இல்லை. எப்போதுமே இருந்திருக்கவில்லை. ஊர் மொத்தத்துக்கும் தெரிந்திருக்கிறது.

"தலைவரய்யா," என்றேன் கெஸ்லரைப் பார்த்து. "மூணு வருஷமா காசு குடுத்து வாங்கிட்டுப் போனாங்களே, அத வச்சு என்ன பண்ணாங்கன்னு இவங்களக் கேளுங்க."

கெஸ்லர் சுத்தியைத் தட்டினார். அந்த மனுஷனுக்கு அது பிடித்துவிட்டது என்று தெரிந்தது. "லோர்னா கேக்கறாங்க. பதில் சொல்லுங்க."

"நிலவறையில அடுக்கி வச்சிருக்கேன் தலைவரய்யா," என்றார் பர்ல், தரையைப் பார்த்தபடி. "கொட்டறதுக்கு மனசு வரல."

"நாங்க கரடிக்கு வச்சோம்," என்றது பின்வரிசை. "அப்பறம் அந்தக் கரடியக் காணோம்."

"மனசு நோகக் கூடாதுன்னுதான், லோர்னா," என்று டெல்ஃபின் சட்டத்தை மறந்து நேராக என்னிடமே சொன்னாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. நானும்தான்.

ஆனால் ஒருவனை இன்னும் கேட்கவில்லை. "தலைவரய்யா, ஆர்லோவக் கேளுங்க. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் என் வீடு. கதவத் தட்டிச் சொல்றதுக்கு என்ன கேடு? ஊருக்கே தெரியற மாதிரி எழுதணுமா?"

ஆர்லோ தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். "தலைவரய்யா, நேர்ல சொன்னா அவ மனசு கஷ்டப்படுமேன்னுதான்."

கூடம் வெடித்துச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அந்தத் தடியன் நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறான்.

சுத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கெஸ்லர் உடனே கொடுக்கவில்லை, கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது. டெல்ஃபின் தன் திருத்தத்தைச் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றுக்கொண்டாள். பழைய தீர்மானத்தையே ஓட்டுக்கு விட்டேன். வாயால் 'ஆம்' 'இல்லை' சொல்லச் சொன்னால் இரண்டு கத்தலும் ஒன்றாகவே கேட்டது. எழுந்து நிற்கச் சொன்னேன். ஒரு தடவை எண்ணி, மறுபடி எண்ணி, ஊறுகாய்த் தட்டருகே நின்றவர்களையும் இழுத்துவந்து எண்ணினார்கள். சரிசமம். பாதி ஊர் என்னைக் காப்பாற்ற நின்றது. மீதி ஊர் உட்கார்ந்திருந்தது. முடிவு தலைவர் கையில்.

"வேண்டாம்னு ஓட்டு போடறேன்," என்றேன். "தீர்மானம் தோத்துப்போச்சு."

"லோர்னா, அவன் ஒன்ன அப்படிப் புண்படுத்தினானே," என்றாள் டெல்ஃபின்.

"புண்படுத்தினான். இப்பவும் வலிக்குது. கோடு எங்க போடணும்னு எனக்குத் தெரியாது, டெல்ஃபின். நாளைக்கே கெஸ்லர் வீட்டக் கொளுத்துன்னு அவன் எழுதினா தீர்மானமே வேணாம், நானே மண்வெட்டியோட போவேன். இந்தத் தடவ பாதி வழியில திரும்ப மாட்டேன். ஆனா அவன் வாய அடைச்சுட்டா எனக்கு மிச்சம் யாரு? நீங்கதான். நீங்க அடுத்த வருஷமும் பிரமாதம்னு சொல்லி ஜாடிய வாங்கிட்டுப் போவீங்க."

"தலைவர் கருத்துச் சொல்லக் கூடாது," என்று பின்வரிசை ஆட்சேபித்தது.

"தலைவர் சொல்லல. லோர்னா சொன்னா. தலைவர் சொல்றது ஒண்ணுதான். சாப்பாடு."

சுத்தியைத் தட்டினேன். பீன்ஸ் வரிசையில் ஒருவரும் என் பக்கத்தில் நிற்கத் தைரியப்படவில்லை. கெஸ்லர் மட்டும் நின்றார், சுத்தியை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

மறுநாள் காய்ச்சுகிற தட்டைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் விரல் கனத்துக்குக் கருப்பு ஏறியிருந்தது. வெண்டல் அதை வருஷா வருஷம் புளித்த காடியில் ஊறவைத்துச் சுரண்டுவார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் கை நாறுகிறது என்று நான் திட்டுவேன். ஊறவைத்தேன், சுரண்டினேன், என் கையை மோந்து பார்த்தேன். அந்த நாற்றத்தில் அவர் இருந்தார்.

அந்த வாரமே சாறு இறங்க ஆரம்பித்தது. முதல் காய்ச்சல் முடிந்ததும் கெஸ்லரிடம் போய் அந்தப் பிரஷ்ஷை இரவல் வாங்கிவந்தேன். என் பாகுக் கொட்டகையின் சுவர் ஆர்லோவின் சுவருக்கு நேர் எதிரே இருக்கிறது. ஏணி போட்டு, அவனுடையதைவிட ஒரு சாண் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'ஆர்லோ ஸ்டிக்னி சொன்னது சரி.'

மூன்று நாள்கூட ஆகவில்லை. என் பாகுக் கொட்டகையின் கதவு தட்டப்பட்டது. ஆர்லோ, தொப்பி கையில்.

"அத அழிச்சுடு லோர்னா."

"எத?"

"தெரியாத மாதிரி நடிக்காத. ஊர்ல எல்லாரும் என்னப் பாத்துத் தலையாட்டறாங்க. பர்ல் என் வாசல்ல பனி அள்ளிட்டுப் போறான். டெல்ஃபின் கேக் குடுத்து அனுப்பறா. பாட்டுக்குழு என்னக் கூப்பிடுது. பாட இல்ல, கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லணுமாம். எத்தன வருஷமா கஷ்டப்பட்டுச் சம்பாதிச்ச பேரு தெரியுமா? ஒரே ராத்திரியில நாசம் பண்ணிட்ட."

"நான் பொய்யா எழுதினேன்?"

"உண்மையா இருந்தா? என்ன வேணாலும் எழுதிடறதா? ஒருத்தன் மனசு என்ன பாடுபடும்னு யோசிக்க வேணாமா? எதுக்கும் ஒரு எல்லை இல்லையா?"

"அடுத்த மார்ச்சுல தீர்மானம் கொண்டா. தலைவரம்மாகிட்ட நான் ஒரு வார்த்த சொல்லி வைக்கறேன்."

அவன் முறைத்துக்கொண்டே நின்றான். போகவில்லை. அடுப்பில் இருந்த புதுப் பாகின் ஆவி இரண்டு பேர் நடுவிலும் வந்துகொண்டிருந்தது. நல்ல வாசனையா கெட்ட வாசனையா என்று என் மூக்கை இனி நான் நம்புவதாக இல்லை. ருசி பார்க்கவும் எனக்கு விதியில்லை. ஒரு கரண்டியில் அள்ளி, ஊதி, அவனிடம் நீட்டினேன்.

வாயில் வைத்தான். கரண்டியைத் திருப்பி, அதன் முதுகையும் நக்கினான்.

"மோசம்," என்றான்.

கரண்டியை மறுபடி நீட்டினான்.